மூடியின் மேல் மூன்று பொட்டு

ஜனவரி 1, வியாழன்

உரக்கடையில் கொடுத்த டைரி இது. மகன் நந்தகுமார் கொண்டுவந்து மேசைமேல் போட்டான். யாரும் எடுக்கவில்லை. "பழைய பேப்பர்க்காரனுக்குப் போட்டுரலாம்" என்றாள் பேத்தி தாரணி. நான் எடுத்துக்கொண்டேன்.

"அப்பத்தா, நீங்க அஞ்சாங்கிளாசுதானே?"

"அஞ்சு வருசமும் மொதல் ரேங்குடி. நீ பன்னெண்டாவதுல எத்தனையாவது?"

எழுந்து உள்ளே போய்விட்டாள்.

பிப்ரவரி ஒன்றாம் தேதி தாராபுரத்தில் என் அண்ணன் பேரனுக்குக் கல்யாணம். எங்கள் பக்கத்தில் இப்போது மூத்தவள் நான்தான். பொள்ளாச்சியிலிருந்து வண்டியில்தான் போகவேண்டும். வெள்ளை அம்பாசடர், பதினேழு வயது, என் பெயரில் பதிவானது. இந்தத் தெருவில் அப்போது பெண்பிள்ளை பெயரில் வண்டி இருந்தது என் வீட்டில் மட்டும்தான். வீட்டுக்காரர் போய் ஒன்பது வருடம் ஆகியும் அதை விற்கவிடவில்லை. வண்டி வந்த நாளிலிருந்து ஓட்டுவது திருமூர்த்தி.

பத்து லிட்டருக்கு நூறு கிலோமீட்டர் ஓடின வண்டி இரண்டு மாதமாக எழுபதுதான் ஓடுகிறது. மீட்டரில் எண்ணைப் பார்த்துக் குறித்துவைத்திருக்கிறேன். கேட்டால், "கருப்புப் பொகை வருதுங்கம்மா, கார்புரேட்டரக் கழட்டிப் பாக்கோணுங்க. மெக்கானிக்கு கமால் பாய்கிட்ட ஒரு நாள் விட்டுரலாங்களா" என்கிறான். கல்யாணம் முடியட்டும் என்றேன். எந்த வண்டியில்தான் புகை வரவில்லை.

நவம்பரில் திருமூர்த்தி ஒரு பழைய மொபெட் வாங்கினான். அதையும் இங்கே எழுதிவைக்கிறேன், அவ்வளவுதான். எதையும் எதோடும் சேர்த்துச் சொல்லவில்லை.

ஜனவரி 2, வெள்ளி

காலையில் நானே பெட்ரோல் பங்க்குக்குப் போய் ஊற்றிவந்தேன். டிசம்பரிலிருந்து நான் இல்லாமல் பெட்ரோல் ஊற்றக்கூடாது என்று சொல்லிவிட்டேன். ஊற்றுகிறபோது திருமூர்த்தி வண்டியைவிட்டு இறங்கி, நான் பார்க்கிற இடத்தில், இரண்டு கையையும் பின்னால் கட்டிக்கொண்டு நின்றான். நம் வண்டிக்காரனுக்கு அந்த மரியாதை தெரியும்.

வெள்ளிக்கிழமை வண்டிக்குப் பொட்டு வைப்பதை வீட்டுக்காரர் போன பிறகும் நான் யாருக்கும் விட்டுக்கொடுத்ததில்லை. இன்றைக்கு வழக்கமான இடங்களோடு பெட்ரோல் மூடிக்கும் வைத்தேன். மூன்று பொட்டு. இரண்டு ஓரங்களிலும், பாதி மூடிமேலும் பாதி கழுத்துமேலும் படுகிற மாதிரி. மூடியைத் திருகினால் பொட்டு இரண்டாகப் பிளந்துவிடும். மூன்றாவது நடுவில். நடுவில் குண்டூசி குத்தின மாதிரி ஒரு சின்னத் துளை இருக்கிறது. பொட்டு வைக்க இடம் காட்டின மாதிரியே இருந்தது.

சந்தனம் காய்ந்து உதிரக்கூடாதென்று ரெண்டு சொட்டு விளக்கெண்ணெய் விட்டுக் குழைத்தேன். பிசின் மாதிரிப் பிடித்துக்கொண்டது. மேலே குங்குமம்.

பூட்டுப் போட்டால் சந்தேகப்படுகிறாள் என்பார்கள். சாமிப் பொட்டை எவன் அழிப்பான்.

ஜனவரி 5, திங்கள்

பொட்டு அப்படியே இருக்கிறது.

ஆனைமலை போகும் வழியில் வண்டி இருமிக்கொண்டே நின்றுவிட்டது. திருமூர்த்தி பானெட்டைத் திறந்து, பெட்ரோல் பம்பின் கண்ணாடிக் கிண்ணத்தைக் காட்டினான். "பாருங்கம்மா, கிண்ணம் காலியா இருக்குது. டேங்க்ல இருந்து பெட்ரோலு ஏறல." ஏறவில்லையென்றால் டேங்க்கில் இல்லை என்று அர்த்தமா என்று கேட்டேன். "இருக்குதுங்க" என்று மட்டும் சொன்னான். அரைமணி நேரம் புளியமர நிழலில் நின்றோம். பிறகு தானாகக் கிளம்பிவிட்டது.

வடகம் பிழியச் சொல்லிவிட்டுப் போயிருந்தேன். மருமகள் உப்பை அள்ளிக் கொட்டியிருக்கிறாள்.

ஜனவரி 9, வெள்ளி

பெட்ரோல் ஊற்றி, பொட்டு வைத்துக்கொண்டிருக்கும்போது திருமூர்த்தி பக்கத்தில் வந்து நின்றான்.

"ஏனுங்கம்மா, மூடிமேல வேண்டாமுங்களே. டிக்கிமேல வெச்சீங்கன்னா இன்னும் எடுப்பாத் தெரியுமுங்க."

"சாமிக்கு வெக்கற பொட்டை எங்க வெக்கறதுன்னு நீ எனக்குச் சொல்லித் தர்றியா?"

"அதில்லீங்க, அந்த மூடியில..."

"போயி வண்டியைத் தொடை."

போய்விட்டான். மடியில் கனமில்லாதவனுக்கு மூடிமேல் பொட்டிருந்தால் என்ன, குடமிருந்தால் என்ன. இரவு சாப்பிடும்போதும் அதையே நினைத்துக்கொண்டிருந்தேன்.

ஜனவரி 14, புதன்

பொங்கல். வெல்லம் நல்ல வெல்லம். திருமூர்த்தியின் பெண்டாட்டி பாப்பாத்தி கரும்பு வாங்கிப்போக வந்தாள். அவர்கள் மகள் பிருந்தாவை உடுமலையில் கேட்டிருக்கிறார்களாம், பையன் மில்லில் ஃபிட்டராம். "நீங்க வந்து ஆசீர்வாதம் பண்ணோணுங்க" என்றாள். வருகிறேன் என்றேன்.

ஜனவரி 19, திங்கள்

மறுபடி நின்றது, நெகமத்துக்கு இந்தப் பக்கம். ஈரத்துணியைப் பம்பின்மேல் சுற்றினான். குழாயைக் கழற்றி வாயால் ஊதினான். பிறகு வண்டியைச் சுற்றிப் பின்பக்கம் போனான். நான் கண்ணாடி வழியாகப் பார்த்துக்கொண்டுதான் இருந்தேன். பெட்ரோல் மூடிக்கு முன்னால் நின்றான். கையை நீட்டினான். நிமிர்ந்தவன் என்னைப் பார்த்துவிட்டான். கையை மடக்கி இடுப்பில் வைத்துக்கொண்டு திரும்பி வந்துவிட்டான்.

இதற்குமேல் என்ன சாட்சி வேண்டும். நந்தகுமாரிடம் சொன்னேன். "அம்மா, பதினேழு வருசமா இருக்கறவருங்க. சும்மா இருங்க" என்கிறான். அவனுக்கு மனிதர்களைத் தெரியாது.

ஜனவரி 23, வெள்ளி

மூன்று வாரமாகப் பொட்டு பிளக்கவே இல்லை. ஆனாலும் எழுபதுக்குமேல் ஓடவில்லை. யோசித்துப் பார்த்தேன். எடுத்துவிட்டு அவனே புதிதாகப் பொட்டு வைத்துவிடுகிறான். சந்தனமும் குங்குமமும் எந்த வீட்டில் இல்லை.

அதனால் இன்றைக்கு ஈரச் சந்தனத்தின்மேல் என் கட்டைவிரலை அழுத்தி வைத்தேன். ரேகை அச்சாக விழுந்தது. பத்திர ஆபீசில்கூடக் கையெழுத்துப் போட்டவள் நான். கைநாட்டு வைத்தது இதுதான் முதல் தடவை.

ஜனவரி 31, சனி

நாளை கல்யாணம். விடிகாலையில் வழியில் பங்க் திறந்திருக்காது என்று டேங்க் நிரம்ப ஊற்றிக்கொண்டேன். பொட்டு வைத்தாயிற்று. சீர்த்தட்டுக்கு ஒன்பது வகை. பட்டுப்புடவை வெளியே எடுத்து வைத்திருக்கிறேன். நான்கரை மணிக்குக் கிளம்பினால் முகூர்த்தத்துக்கு ஒருமணி நேரம் முன்னால் போய்ச் சேரலாம்.

பிப்ரவரி 1, ஞாயிறு

இன்றைக்கு எழுதப் போவதில்லை.

பிப்ரவரி 2, திங்கள்

நந்தகுமாரும் மருமகளும் தாரணியும் முந்தின நாளே போய்விட்டார்கள். வண்டியில் நானும் திருமூர்த்தியும் சீர்த்தட்டும்தான்.

நான்கு தடவை நின்றது. முதல் தடவை நின்றபோது கோமங்கலமே தாண்டவில்லை. அரைமணி, நாற்பது நிமிடம், மறுபடி நாற்பது நிமிடம், கடைசியில் இன்னொரு அரைமணி. நடுரோட்டில் பட்டுப்புடவையோடு நான் உட்கார்ந்திருக்க, பால் வண்டிக்காரர்கள் எட்டிப்பார்த்துவிட்டுப் போனார்கள். மண்டபத்துக்குப் போகும்போது தாலி கட்டி முடிந்து, இரண்டாம் பந்தியில் பாயசம் ஊற்றிக்கொண்டிருந்தார்கள்.

அண்ணி வாசலிலேயே பிடித்துக்கொண்டாள். "வாங்க வாங்க, தாம்பூலத்துக்காச்சும் வந்து சேந்தீங்களே. பெரிய வண்டின்னா மெதுவாத்தான் வருமாட்ட இருக்குது."

நான்கு பேர் சிரித்தார்கள். என் பின்னால் திருமூர்த்தி சீர்த்தட்டைத் தலைமேல் வைத்துக்கொண்டு நின்றான். நான் திரும்பினேன்.

"வண்டி நிக்கலண்ணி. இவன் நிறுத்துனான். பெட்ரோலை உறிஞ்சி வித்துப்போட்டு, தெனம் ஒரு கதை சொல்றான். கை சுத்தமில்லாதவனை வெச்சுக்கிட்டு நான் படற பாடு."

மண்டபத்தில் மேளம் நின்றிருந்த நேரம். எல்லோருக்கும் கேட்டது. பரிமாறுகிறவர்கள்கூட வாளியைப் பிடித்தபடி நின்றார்கள். திருமூர்த்தி தட்டை இறக்கி, தேங்காய் உருளாமல் கையால் அணைத்து, மேடைக்குக் கீழே வைத்தான். குற்றமுள்ளவன் எதிர்த்துப் பேசுவானா.

திரும்பி வரும்போது நான் நந்தகுமாரோடு பஸ்ஸில் வந்துவிட்டேன்.

பிப்ரவரி 4, புதன்

திருமூர்த்தி வந்து சாவியை விளக்கு மாடத்தில் வைத்துவிட்டுப் போனான். டயருக்குக் காற்று பிடித்து, கண்ணாடி துடைத்து, வண்டியை நிறுத்தியிருக்கிறான். "வர்றேனுங்க" என்றான். வழக்கமாகச் சொல்லும் அதே குரல்.

பொட்டைப் போய்ப் பார்த்தேன். ரேகை அப்படியே இருந்தது.

பிப்ரவரி 7, சனி

புது டிரைவர் ஓட்டினான். மார்க்கெட்டைத் தாண்டிப் பத்துக் கிலோமீட்டரில் நின்றுவிட்டது. "போகும்போது ஏதாச்சும் பண்ணிப்போட்டுப் போயிட்டாரோ" என்றான் நந்தகுமார். இருக்கும் என்றேன்.

நேற்று இந்த ஆள் பெட்ரோல் ஊற்றியதும் மறுபடி மூன்று பொட்டு வைத்தேன். புது ஆளை எப்படி நம்புவது.

பிப்ரவரி 10, செவ்வாய்

கமால் பாயிடம் வண்டியை விட்டோம். நானும் போய் ஸ்டூல் போட்டு உட்கார்ந்துகொண்டேன். என் கண்முன்னால் பார்க்கட்டும் என்று.

பாய் முதலில் பிளக்கைக் கழற்றினார். கரி பிடித்துக் கிடந்தது. பெட்ரோலை அளந்து விடுகிற கார்புரேட்டரைப் பிரித்து, உள்ளே மிதக்கும் பித்தளைக் குடுவையை எடுத்தார். எலுமிச்சம்பழ அளவு இருக்கும். துடைத்து என் காதருகில் கொண்டுவந்து ஆட்டினார்.

"கேளுங்கம்மா."

உள்ளே தளும்புகிற சத்தம்.

"இது காலியா இருக்கோணுங்க. அப்பத்தான் மெதந்து, போதும்னு வழியை அடைக்கும். இதுல ஊசிமொனை ஓட்டை. பெட்ரோலு உள்ளார பூந்து கனத்துப்போச்சு. முழுகிக் கெடக்குது, அதனால வழி மூடவே இல்ல. வேணுங்கறதுக்கு மேல ஊத்திக்கிட்டே இருந்திருக்குது. அதான் கருப்புப் பொகை. எத்தன நாளா இப்புடி?"

"மூணு மாசமா."

"திருமூர்த்தியண்ணன் சொல்லலீங்களா? அவர் பொகையப் பாத்தே சொல்லுவாரே."

பாய் குடுவையை என் கையில் வைத்துவிட்டு வேறொன்றை மாட்டப் போய்விட்டார். அது என் உள்ளங்கையில் சில்லென்று இருந்தது. மூன்று மாதமாக நான் தேடிய பெட்ரோல் திருடன்.

சரி, வேலை முடிந்தது என்று எழுந்தேன். பாய் தலையை ஆட்டினார். "இது அதிகமாக் குடிக்கறதுக்குக் காரணமுங்க. நிக்கறதுக்கு இது காரணம் இல்ல. அது, வண்டி நின்னாத்தான் தெரியும். வாங்க, நிக்கற வரைக்கும் ஓட்டுவோம்."

உடுமலை ரோட்டில் போனோம். கோமங்கலத்துக்குக் கொஞ்சம் முன்னால் நின்றது. பாய் ஓடிப்போய்க் கண்ணாடிக் கிண்ணத்தைப் பார்த்தார், காலி. பம்பைக் கையால் அமுக்கிப் பார்த்தார், நன்றாக வேலை செய்தது. தலையைச் சொறிந்துகொண்டு வண்டியைச் சுற்றி வந்தவர், பின்பக்கம் குனிந்து அப்படியே உட்கார்ந்துவிட்டார்.

"இந்தப் பொட்டு யாருங்க வெச்சது?"

"ஆயுத பூசைக்கு வெச்சதா இருக்கும்" என்றேன்.

குங்குமம் நான்கு நாள் பழசு. விளக்கெண்ணெய் வாசம் அவர் மூக்குக்குப் போயிருக்கும். என் முகத்தை அவர் பார்க்கவில்லை.

"எண்ணெய் டின்னு தொறக்கறப்ப எத்தன ஓட்டை போடுவீங்கம்மா?"

"ரெண்டு. ஒண்ணுல எண்ணெய் வர, எதிர்ல ஒண்ணு காத்துப் போக."

"ஒண்ணே போட்டா?"

"கொஞ்சம் வந்து நின்னுபோகும்."

சொல்லி முடிக்கும்போதே எனக்குத் தெரிந்துவிட்டது. நாற்பத்தெட்டு வருடமாக டின் உடைக்கிறவள் நான்.

"நடுவுல இருக்குதே, அதுதானுங்க டேங்க்குக்கு மூச்சு. அது அடைச்சுப்போச்சு. டேங்க் ரொம்பி இருந்தா இன்னும் சீக்கிரம் நிக்கும். நின்னு கெடந்தா எங்கிட்டோ சந்து வழியாக் காத்து மெல்ல ஏறி, மறுபடி கெளம்பும்." பிறகு கையைத் துணியில் துடைத்துக்கொண்டு எழுந்து விலகி நின்றார். "சாமிப் பொட்டு. நான் அழிக்கக் கூடாதுங்க. நீங்களே தொடைச்சுருங்க."

முந்தானையால் துடைத்தேன். ஓரத்தில் இருந்ததெல்லாம் வந்துவிட்டது. நடுவில் துளைக்குள் போனது வரவில்லை. கொண்டை ஊசியை எடுத்துக் குத்தினேன். உஸ்ஸென்று உள்ளே இழுத்தது. வெகுநேரம் மூச்சை அடக்கிவைத்திருந்த ஒருவர் ஒரேயடியாக இழுத்த மாதிரி, நீளமாக.

வண்டி உடனே கிளம்பிவிட்டது. வீடுவரை நிற்கவில்லை.

இரண்டாம் தேதி எழுதும்போது ஒன்றை விட்டுவிட்டேன். மறந்து விட்டதல்ல. மூன்றாவது தடவை வண்டி நின்றபோது திருமூர்த்தி என் ஜன்னல் பக்கம் வந்து, "அம்மா, நேரமாவுது. ஒரே ஒரு தடவை பின்னால மூடியத் தொறந்துட்டு மூடிக்கட்டுங்களா, நீங்களும் எறங்கி வந்து பக்கத்துல நின்னு பாருங்க" என்று கேட்டான். நான், "அதைத் தொடாதே" என்றேன்.

பிப்ரவரி 11, புதன்

கொப்பரை காயவைக்க ஆட்கள் வந்தார்கள். எட்டுப் பேருக்குச் சமையல்.

பிப்ரவரி 13, வெள்ளி

பொட்டு வைக்கவில்லை. வண்டிக்கே வைக்கவில்லை. "ஏன் அப்பத்தா, வண்டிக்கு இன்னைக்குச் சாமி லீவா?" என்றாள் தாரணி. கால் வலி என்றேன்.

கோயிலில் பாப்பாத்தி எதிரில் வந்தாள். என்னைப் பார்த்ததும் பிராகாரத்தைச் சுற்றாமல் குறுக்கே போய்விட்டாள். பூக்காரம்மாதான் சொன்னாள். பிருந்தாவைக் கேட்டுவந்த உடுமலைக்காரர்கள் பின்வாங்கிவிட்டார்களாம். பையனின் பெரியப்பா தாராபுரம் மண்டபத்தில் பரிமாறுகிற ஆளாம். பாயச வாளியோடு நின்றவர்களில் ஒருவர். "பதினேழு வருசம் சோறு போட்ட அம்மாவே சொல்லீட்டாங்க, அப்பறம் நாங்க என்னத்த விசாரிக்கறது" என்றார்களாம்.

கட்டின பூவை வாங்காமலே வந்துவிட்டேன்.

பிப்ரவரி 15, ஞாயிறு

ஒரு தூக்கில் அதிரசமும், ஒரு படி நெய்யும், பிருந்தாவுக்கு ஒரு சேலையும் கொப்பரைக்கார ஆள் கையில் திருமூர்த்தி வீட்டுக்குக் கொடுத்தனுப்பினேன். என்னவென்று கேட்டால் ஒன்றுமில்லை, சும்மா என்று சொல்லச் சொன்னேன்.

மதியம் எல்லாம் திரும்பி வந்துவிட்டது. தூக்கைக் கழுவி அனுப்பவில்லை, அப்படியே அதிரசத்தோடு. "சும்மா குடுக்கறத வாங்கிப் பழக்கமில்லைன்னு சொல்லச் சொன்னாருங்க" என்றான் ஆள்.

சொல்லவேண்டியதை நெய்யில் பொரித்து அனுப்பினால் எப்படி வாங்குவான்.

பிப்ரவரி 17, செவ்வாய்

திருமூர்த்தி வீட்டுக்கு நடந்தே போனேன். பதினேழு வருடத்தில் அந்த வீட்டுக்குள் போனதில்லை. வாசலில் அந்த மொபெட் நின்றது. பின்னால் டிபன் கூடை கட்டியிருந்தது. பிருந்தா மில்லுக்குப் போகிற வண்டி என்று இன்றைக்குத்தான் தெரியும்.

பாப்பாத்தி நாற்காலி போட்டாள். வாங்க என்று சொல்லவில்லை. திருமூர்த்தி கயிற்றுக் கட்டிலிலிருந்து எழுந்து நின்றான்.

"உக்காரு திருமூர்த்தி."

"இருக்கட்டுங்க."

என்ன சொல்லவேண்டுமென்று வழியெல்லாம் ஒத்திகை பார்த்திருந்தேன். வாயில் வந்தது வேறு.

"அந்தப் பொட்டு... உனக்குத் தெரியுமா?"

"தெரியுமுங்க."

"எப்ப இருந்து?"

"ஆனைமலை போறப்ப நின்னுதுங்களே, அன்னைக்கே. பதினேழு வருசமா அந்த மூடியத் தொறந்து மூடறேன். அதுக்கு மூச்சு எங்கன்னு தெரியாதுங்களா?"

"அப்பறம் ஏன் தொறக்கல? நான் இல்லாதப்ப ஒரு நிமிசம் தொறந்துட்டு மூடியிருந்தா அத்தனையும் தீந்திருக்குமே. மண்டபத்துக்கு நேரத்துக்குப் போயிருப்பமே."

கோபமாகச் சொல்லியிருந்தால் எனக்குச் சுலபமாக இருந்திருக்கும். வழி சொல்கிற மாதிரித்தான் சொன்னான்.

"தொறந்தா திருடனுங்க. தொறக்காட்டி வண்டி தெரியாதவன். வண்டி தெரியாதவன்னு பேரு வாங்கிக்கலாம்னு இருந்தேன். வெரல் ரேகை வெச்சீங்க பாருங்க, அதப் பாத்த அன்னைக்கு எனக்கு மனசே விட்டுப்போச்சு. இருந்தாலும் கல்யாணத்தன்னைக்கு மனசு கேக்கலீங்க. உங்களுக்கு முன்னாலயே தொறக்கறேன்னு கேட்டேன்."

பாப்பாத்தி அடுப்படியிலிருந்து சொன்னாள். "ரெண்டு கெட்ட பேரையும் ஒட்டுக்கா வாங்கிக் குடுத்துட்டீங்கம்மா. திருடன், வண்டி தெரியாதவன். கொறை வெக்கல."

"நீ சும்மா இரு பாப்பாத்தி."

"அவ சொல்லட்டும்" என்றேன். "திருமூர்த்தி, தப்பு என்மேல. உடுமலைக்கு நானே போயிச் சொல்லீர்றேன். வெள்ளிக்கெழம பஸ்ஸுக்குப் போறேன்."

"வேண்டாமுங்க. உங்க வயசுக்கு."

"நாக்குக்கு வயசாகலையே."

அவன் சட்டைப் பொத்தானைத் திருகிக்கொண்டே நின்றான். பிறகு, "பஸ்ஸுல போயி எறங்குனா நான் காலுல விழுந்து அனுப்பி வெச்சதா நெனைப்பாங்க. நம்ம வண்டியிலயே போங்க. அன்னைக்கு ஒரு நாள் மட்டும் நான் ஓட்டறேன்" என்றான். மற்றபடி அவனை மில் வேன் ஓட்டக் கூப்பிட்டிருக்கிறார்களாம். ஒன்றாம் தேதியிலிருந்து போகிறானாம். திரும்பி வா என்று கேட்க வாய் வரவில்லை. கேட்டாலும் என்ன மூஞ்சியை வைத்துக்கொண்டு கேட்பேன்.

வீட்டில் நந்தகுமாரிடம் எல்லாம் சொன்னேன். அவன் எழுந்து போய்விட்டான். தாரணி மட்டும், "அப்பத்தா, நெசமா சாமிப் பொட்டையா இதுக்கு வெச்சீங்க?" என்று கேட்டாள். ஆமாம் என்றேன்.

பிப்ரவரி 20, வெள்ளி

உடுமலை போய்வந்தேன்.

திருமூர்த்தி வண்டியை அவர்கள் தெருமுனையிலேயே நிறுத்திவிட்டான். "நான் வந்தா நல்லா இருக்காதுங்க" என்று உள்ளேயே உட்கார்ந்துகொண்டான். நான் மட்டும் விசாரித்துக்கொண்டு போனேன். சின்ன வீடு. பையனின் அப்பாவும் அம்மாவும் அந்தப் பெரியப்பாவும் இருந்தார்கள். பெரியப்பாவுக்கு என்னை அடையாளம் தெரிந்துவிட்டது. எழுந்து நின்றார். பையனின் அம்மா சொம்பில் தண்ணீர் கொண்டுவந்தாள். வாங்கிக் கையில் வைத்துக்கொண்டேன், குடிக்கவில்லை.

நின்றுகொண்டே சொன்னேன். மண்டபத்தில் நான் சொன்னது பொய். அவன் எடுக்கவில்லை. வண்டிக்குள் ஒரு குடுவையில் ஓட்டை. வழியில் நின்றதற்குக் காரணம், அவனைப் பிடிக்கிறதற்காக நானே மூடிமேல் வைத்த சந்தனம். அவனுக்கு அது தெரிந்தும், நான் திருடன் என்பேன் என்று தொடாமல் இருந்தான். இதையெல்லாம் வரிசையாகச் சொன்னேன். சொல்லச் சொல்ல என் குரல் எனக்கே வேறு யாருடையதோ மாதிரிக் கேட்டது.

பெரியப்பா கேட்டார். "ஏனுங்கம்மா, அவுரு உங்களைக் கூட்டியாந்து சொல்லச் சொன்னாருங்களா?"

"வர வேண்டாம்னான். தாராபுரத்துக்கும் நான் போயிச் சொல்லுவேன். அண்ணன் வீட்டுல எல்லாத்தையும் ஒக்கார வெச்சுச் சொல்லுவேன். அது அவனுக்குத் தெரியாது."

அடுத்துப் பேசியது பையனின் அப்பா. மெலிந்த மனிதர். "நீங்க இத்தன தூரம் வந்து சொன்னது பெருசுங்க. நாங்க பொண்ணப் பாக்க மறுபடி வர்றோம். அதுல ஒண்ணும் வெசனப்படாதீங்க" என்றார். பிறகு, "ஒண்ணு கேக்கட்டுங்களா. தப்பா நெனைக்காதீங்க" என்றார்.

"கேளுங்க."

"பதினேழு வருசம் முன்னால உக்காந்து ஓட்டியிருக்கறாரு. நீங்க பின்னால உக்காந்து பாத்துக்கிட்டே இருந்திருக்கீங்க. அப்பவும் உங்களுக்கு ஆளத் தெரியலீங்களா?"

தண்ணீரைக் குடித்துவிட்டு வந்தேன்.

வண்டியில் ஏறியதும், "மறுபடி பொண்ணு பாக்க வர்றாங்களாம்" என்றேன். திருமூர்த்தி தலையை ஆட்டினான். கண்ணாடியில் அவன் கண்கள் மட்டும் தெரிந்தன. கொஞ்ச தூரம் போனதும் முன்சீட்டில் கிடந்த துண்டை எடுத்து முகத்தைத் துடைத்துக்கொண்டான். வெயில்தான் என்று நானும் நினைத்துக்கொண்டேன்.

வண்டி எங்கும் நிற்கவில்லை. கோமங்கலம் வந்தது, போனது. புகை இல்லை.

பொள்ளாச்சி எல்லையில் பங்குக்குள் திருப்பினான். காலி வண்டியாக ஒப்படைக்கக் கூடாது என்றான். பங்க் ஆள் வந்து பெட்ரோல் மூடியைத் திருகினான். துடைத்த இடத்தில் மூன்று வட்டம் வெளுத்துத் தெரிந்தது.

திருமூர்த்தி இஞ்சினை அணைத்துவிட்டு இறங்கினான். வண்டியைச் சுற்றி வந்து, என் ஜன்னலுக்கு நேராக, இரண்டு கையையும் பின்னால் கட்டிக்கொண்டு நின்றான்.

மரியாதை என்று நான் எழுதியிருக்கிறேன், இந்த டைரியில், இரண்டாம் நாளே.

என்னால் பார்க்க முடியவில்லை. முகத்தை அந்தப் பக்கம் திருப்பிக்கொண்டேன். தான் நான் பார்க்கிற இடத்தில் இல்லையென்று நினைத்துக்கொண்டான் போலிருக்கிறது. வண்டியைச் சுற்றி வந்து, நான் திரும்பியிருந்த அந்தப் பக்கத்து ஜன்னலுக்கு நேராக, கையைக் கட்டிக்கொண்டு மறுபடி நின்றான்.